பெங்களூரிலிருந்து விசாரித்தார்கள்

ஜூன் 3, செவ்வாய்

மறுபடி எழுத ஆரம்பிக்கிறேன். மறதி அதிகமாகிவிட்டது. நேற்று வீட்டுக்கு யார் வந்தார்கள் என்று கேட்டால் முழிக்கிறேன். உட்கார்ந்து எழுத முடியாது. மல்லாந்து படுத்து, நெஞ்சில் தலையணையை வைத்து அதன்மேல் எழுதுகிறேன். கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும், யாரும் மார்க் போடப் போவதில்லை.

நேற்று அப்பாவின் தொல்லை தாங்காமல் அவரோடு காளிங்கராயன் வாய்க்கால் வரைக்கும் நடந்துவிட்டு வந்தேன். நடக்கும்போது நன்றாகத்தான் இருந்தது. டீ கூடக் குடித்தோம். இந்த நோயின் அயோக்கியத்தனமே அதுதான். செய்யும்போது ஒன்றும் சொல்லாது, மறுநாள் ஆளை அடித்துப் போட்டுவிடும். இன்று காலையில் போர்வையை விலக்கவே கை வரவில்லை.

அப்பா கதவருகே வந்து நின்றார். “நேத்து அத்தன தூரம் நடந்தவனுக்கு இன்னைக்கு என்றா கேடு?” என்றார். அரசு பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். காய்ச்சலோடும் ஓட்டியவர். உடம்பு என்றால் சாவியைப் போட்டதும் கிளம்ப வேண்டும் அவருக்கு.

ஜூன் 4, புதன்

படுக்கை.

ஜூன் 6, வெள்ளி

இன்று பரவாயில்லை. சப்பாத்தி கேட்டேன். “மாவு தீந்துபோச்சு சாமி” என்றாள் அம்மா. எப்போது கேட்டாலும் இந்த வீட்டில் கோதுமை மாவு தீர்ந்துதான் இருக்கிறது. மறுபடியும் குழைந்த சாதம்.

நாட்பட்ட சோர்வு நோய்க்காரர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. யாரும் அதிகம் பேசமாட்டார்கள், பேசத் தெம்பு இருந்தால்தானே. இன்று காலையில் மட்டும் திருவிழா போல இருந்தது. வெளிநாடுகளில் பல காலமாக நடக்கும் ஓர் ஆராய்ச்சியில் இப்போது இன்னும் பல நாடுகளைச் சேர்க்கிறார்களாம். ஜப்பான், பிரேசில், அப்புறம் நாம். பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆள் எடுக்கிறார்கள். எல்லா நாட்டிலும் ஒரே சோதனை, ஒரே கேள்வி. அடுத்தடுத்து இரண்டு நாள் ஒரே சைக்கிளை மிதிக்க வைத்து, இரண்டாம் நாள் உடம்பு என்ன ஆகிறது என்று அளப்பார்களாம்.

இரண்டாம் நாள்! மூன்று வருடமாக எத்தனை டாக்டர்கள், எத்தனை ரத்தம். எல்லா ரிப்போர்ட்டும் நார்மல். ஒருத்தர்கூட ‘நாளைக்கு வாங்க, நாளைக்குப் பார்க்கிறேன்’ என்று சொன்னதில்லை. பெயரைக் கொடுத்துவிட்டேன். சும்மா, வந்தால் வரட்டும் என்றுதான்.

ஜூன் 9, திங்கள்

பெங்களூரிலிருந்து ஃபோன். ஜெசிந்தா என்று ஒரு நர்ஸ், நல்ல தமிழ். படுத்துக்கொண்டே பேசலாம், களைப்பாக இருந்தால் நிறுத்திக்கொள்ளலாம் என்று முதலிலேயே சொன்னார். இதையெல்லாம் ஆரம்பித்துவைத்த காய்ச்சல் எப்போது வந்தது, அதற்கு முன்னால் என்ன வேலை என்று கேட்டார். பம்புசெட் கம்பெனியில் சேல்ஸ், பைக்கிலேயே கோபி, பவானி, அந்தியூர் என்று சுற்றுவேன் என்றேன். அந்த ஆள் வேறு யாரோ மாதிரி இருந்தது. பிறகு கேட்டார்: “கொஞ்சம் அதிகமா வேலை செஞ்சீங்கன்னா, மறுநாள் எப்படி இருக்கும் சார்?”

மின்விசிறித் தூசி கண்ணில் விழுந்துவிட்டது போலிருக்கிறது. விசிறியைத் துடைக்கச் சொல்ல வேண்டும்.

முதல் கட்டம் தேறிவிட்டேனாம். அடுத்து, வீட்டில் என்னைத் தினமும் பார்க்கிற ஒருவரிடம் அவர்கள் பேச வேண்டும். அவர் சொல்வதும் நான் சொன்னதும் ஒத்துப்போனால்தான் சேர்ப்பார்கள். எல்லா நாட்டிலும் இதுதான் விதியாம். அப்பா நம்பரைக் கொடுக்கவில்லை. அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். அம்மா என்ன நினைக்கிறாள் என்று தெரியாது, அவள் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை. என்ன சொல்வாள் என்று தெரியாத அம்மாவின் நம்பரைக் கொடுத்தேன்.

நாளைக்கு அம்மாவிடம் விவரம் சொல்ல வேண்டும்.

ஜூன் 10, செவ்வாய்

பேசியதற்குத் தண்டனை. வெளிச்சம் தாங்கவில்லை, ஜன்னலில் போர்வை கட்டியாகிவிட்டது.

ஜூன் 14, சனி

நாலு நாளாகப் படுக்கைதான். குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கிடக்கிறது. துணி துவைத்துவிட்டு அம்மா எடுக்க மறந்திருப்பாள். எனக்கு வசதியாகப் போயிற்று, அதில் உட்கார்ந்து குளித்தேன்.

புரோக்கர் பெரியசாமி வந்திருந்தார். எங்கள் பக்கத்தில் முப்பது தாண்டிய பையன்களுக்குப் பெண் கிடைப்பது குதிரைக்கொம்பு. எனக்கு முப்பத்து மூன்று. வேலை இல்லை, எழுந்து நிற்கத் தெம்பும் இல்லை. இருந்தும் பெரியசாமி அசரவில்லை. ஆடி பிறப்பதற்குள் முடித்துவிடலாம் என்று கூடத்தில் முழங்கிக்கொண்டிருந்தார். “பெங்களூர்ல ஆஸ்பத்திரியில வேலை பாக்கற பொண்ணுங்க. அவங்க ஃபோன்ல விசாரிப்பாங்க. நீங்க மட்டும் சித்த தெளிவா பேசிப்போடுங்க.”

எனக்கு இதில் சம்பந்தமே இல்லை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும் என்று இருந்தது. என்னவென்று ஞாபகம் வரவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

அம்மா மார்க்கெட்டிலிருந்து வந்த வேகத்தைப் பார்த்தால் லாட்டரி விழுந்ததோ என்று நினைத்தேன். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“பெங்களூர்ல இருந்து விசாரிச்சாங்க சாமி! பொண்ணே பேசுச்சு. என்ன மரியாத, என்ன பதுசு! ‘அம்மா, உங்களுக்கு இப்பப் பேச நேரம் இருக்குங்களா’ன்னு கேட்டுட்டுத்தான் ஆரம்பிச்சுது.”

“என்ன கேட்டாங்க?” என்றேன். சும்மா கேட்டு வைத்தேன்.

“எல்லாந்தேன். காலைல எந்திரிச்சா தெம்பா இருப்பாரான்னு கேட்டுச்சு. கோழி கூப்பிட எந்திரிச்சுருவானுங்க அம்மிணின்னேன். மாடிப்படி ஏறுனா மறுநாள் எப்படி இருப்பாருன்னு கேட்டுச்சு. மூட்டையே தூக்கீட்டு ஏறுவான், மறுநாளும் ஏறுவான்னேன். குளிக்கறதுக்கு ஒத்தாச வேணுமான்னுகூட ஒரு கேள்வி! அவனென்ன கைக்கொழந்தைங்களான்னு சிரிச்சுப்போட்டேன்.”

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பெண் வீட்டார் சம்பளம் கேட்பார்கள், தோட்டம் எவ்வளவு என்று கேட்பார்கள், குடிப்பானா என்று அடுத்த தெருவில் போய் விசாரிப்பார்கள். குளிப்பதைப் பற்றிக் கேட்கிற பெண்ணை இப்போதுதான் பார்க்கிறேன். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள், அந்தப் புத்தி போலிருக்கிறது.

ஆனால் அம்மா சொன்னதெல்லாம் பச்சைப் பொய். ஒரு பெண்ணை இப்படி ஏமாற்றலாமா என்று கேட்டேன். “எந்த ஆத்தா பெத்த பையனப் பத்திக் கொற சொல்லுவா? கல்யாணம் ஆனா எல்லாம் சரியாப் போயிரும்” என்று சமையலறைக்குள் போய்விட்டாள்.

மதியம் ஷேவ் செய்துகொண்டேன். தாடி அரித்தது.

ஜூன் 20, வெள்ளி

ஜெசிந்தாவிடமிருந்து தகவல் இல்லை. பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து செய்கிற வேலை, மெதுவாகத்தான் நடக்கும். அம்மாவிடம் கேட்கலாம் என்றால் அவள் கல்யாணக் கனவில் இருக்கிறாள், எந்த மண்டபம் என்பது வரைக்கும் போய்விட்டாள்.

இந்த ஆராய்ச்சியை நான் பெரிதாக நம்பிக்கொண்டிருக்கவில்லை. ஃபோனை மட்டும் கையிலேயே வைத்திருக்கிறேன்.

ஜூன் 24, செவ்வாய்

மெசேஜ் வந்தது. “உங்கள் வீட்டாரிடம் பேசியதில், உங்கள் அன்றாட நடமாட்டத்தில் குறை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. ஆகவே இந்த ஆராய்ச்சியில் உங்களைச் சேர்த்துக்கொள்ள இயலவில்லை. உங்கள் ஆர்வத்துக்கு நன்றி.”

அம்மாவும் அப்படித்தான் நினைக்கிறாள். அப்பாவாவது முகத்துக்கு நேரே சொல்கிறார்.

இன்றைக்கு மறைக்காமல் எழுதிவிடுகிறேன். எனக்கு இந்த ஆராய்ச்சி வேண்டும். மருந்துக்காகக்கூட இல்லை. சில நாள் விழித்ததும், ஒருவேளை இவர்கள் சொல்வதுதான் சரியோ, நான் சோம்பேறிதானோ, மனது வைத்தால் எழுந்துவிடலாமோ என்று தோன்றும். எழுந்து பார்ப்பேன். விழுவேன். விழுந்தபிறகும் அந்தச் சந்தேகம் போகாது. அந்த சைக்கிள் ஒன்றுதான் எனக்கும் அவர்களுக்கும் நடுவில் நின்று உண்மையைச் சொல்லியிருக்கும். அதுவும் போயிற்று.

சாப்பாடு வேண்டாம் என்றேன். அம்மா தட்டை வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

ஜூன் 25, புதன்

இதை எழுதும்போது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் அம்மா காபி கொண்டுவந்தபோது கேட்டுவிட்டேன். “எம்மேல உனக்கு என்ன கோவம்மா? ஆஸ்பத்திரிக்காரங்க கேட்டா, எனக்கு ஒண்ணுமே இல்லைன்னு சொல்லியிருக்க.”

“எந்த ஆஸ்பத்திரிக்காரங்க? என்கிட்ட யாரு கேட்டாங்க?”

“பெங்களூர்ல இருந்து. ஜெசிந்தான்னு நர்ஸ்.”

அம்மா காபி டம்ளரை ஜன்னலில் வைத்தாள். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். மாடிப்படி, மறுநாள், குளியல். எந்தப் பெண்ணும் மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்காத கேள்விகள். எனக்கும் அவளுக்கும் ஒரே நேரத்தில்தான் விளங்கியது என்று நினைக்கிறேன்.

“அய்யோ சாமி, அது பொண்ணு இல்லியா?” என்று தலையில் கையை வைத்துக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்துவிட்டாள்.

தப்பு என்மேல்தான். அம்மாவிடம் விவரம் சொல்ல வேண்டும் என்று எழுதி வைத்தவன் சொல்லவே இல்லை. ஜெசிந்தாவைக் கூப்பிட்டேன். அம்மாவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். நடந்ததைச் சொன்னதும் அந்தப் பக்கம் சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது.

“எனக்கும் சந்தேகமாத்தான் சார் இருந்துச்சு. ஆராய்ச்சின்னு நான் ஆரம்பிக்கறதுக்குள்ள, ‘எல்லாம் பெரியசாமி சொல்லிட்டாருங்க, நீங்க கேளுங்க’ன்னாங்க. பெரியசாமின்னு உங்க வீட்டுல யாரோ எடுத்துச் சொல்லியிருக்காங்கன்னு நினைச்சேன். கடைசியில, ‘அம்மிணி, நீங்க என்ன குலம், என்ன கூட்டம், எந்தக் குலதெய்வம்’னு கேட்டாங்க. இத்தனை நாட்டுல இந்தக் கேள்விகளைக் கேட்கறாங்க சார். கேட்டவங்க குலதெய்வத்தைத் திருப்பிக் கேட்டது உங்க வீட்டுல மட்டுந்தான்.”

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் சேர்க்கை இந்த வாரத்தோடு முடிகிறது. ஒருமுறை பதிவான பேட்டியை ஜெசிந்தா தானாக மாற்ற முடியாது. டாக்டரே கூட இருந்து மறுபடி பேட்டி எடுக்கலாமா என்று கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

ஜூன் 26, வியாழன்

அனுமதி கிடைத்துவிட்டது. நாளை பதினோரு மணிக்கு. அம்மா உப்புப் போடாமல் ரசம் வைத்தாள்.

ஜூன் 27, வெள்ளி

டாக்டர் அனுபமா, ஜெசிந்தா இருவரும் லைனில். நான் கூடவே இருக்கக் கூடாது என்றார்கள். அம்மா சமையலறையில் உட்கார்ந்து, ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள். நான் என் அறையில் படுத்திருந்தேன். நடுவில் ஒரு சுவர்தான், அதுவும் மேலே ஓடு வரைக்கும் எழும்பாத சுவர். அவர்கள் பேசியது அத்தனையும் கேட்டது. காதை மூடிக்கொண்டிருக்கலாம். மூடவில்லை.

அவளுடையது பெற்ற பையனைப் பற்றி யாரிடமும் ஒரு குறையும் சொல்லிப் பழகாத வாய். டாக்டர் பொறுமையாக இருந்தார். “உங்களுக்குத் தோணறதைச் சொல்லுங்கம்மா, அவசரமே இல்ல” என்றார்.

“அன்னைக்குச் சொன்னதெல்லாம் பொய்யிங்க” என்று ஆரம்பித்தாள். “என்ற பையன் பொய் சொல்றவன் இல்லீங்க. பொய் சொன்னது நானு.”

பிறகு வந்துகொண்டே இருந்தது. “நின்னுட்டுக் குளிக்க அவனால முடியறதில்லீங்க. செவுத்தப் புடிச்சுக்குவான். கேட்டா வெசனப்படுவான்னு, ஸ்டூல மறந்து போட்டாப்பல போட்டு வெச்சேன். சப்பாத்தின்னா உசுருங்க அவனுக்கு. பிச்சுத் திங்கக் கையில தெம்பில்லாம தட்டப் பாத்துட்டே உக்காந்திருப்பான். அதுனால மாவே வாங்கறதில்ல. தீந்துபோச்சும்பேன். தல சீவக் கை ஓஞ்சு போகுதுன்னுதான் முடிய ஒட்ட வெட்டிக்கிட்டான். ஸ்டைலுங்கறான் என்கிட்ட. நானும் நல்லாருக்குதுன்னு சொல்லிட்டேன்.”

டாக்டர் எப்போது அதிகமாகிறது என்று கேட்டார்.

“நல்லா இருக்கற அன்னைக்குத்தானுங்க எனக்குப் பயம். எந்திரிச்சு உக்காருவான், சிரிப்பான், அவங்கப்பனோட நடந்து போவான். அன்னைக்கு ராத்திரியே நான் கஞ்சிக்கு அரிசி எடுத்து வெச்சுருவேன். மறுநாளு அவன் எந்திரிக்கமாட்டான்னு எனக்குத் தெரியுமுங்க.”

பிறகு டாக்டர், “இதைத்தான்மா நாங்க எல்லா ஊர்லயும் கேட்டுட்டிருக்கோம்” என்றார்.

அம்மா ஃபோனை வைத்துவிட்டு என் அறைக்கு வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சுகிறாள், இந்தப் பக்கம் நான். மூன்று வருடமாக இந்த வீட்டில் என்னை நம்புகிற ஒரு ஆள் இருந்திருக்கிறாள். எனக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டும் இருந்திருக்கிறாள், மாவு தீர்ந்துபோயிற்று என்ற ஒரே மருந்துச் சீட்டை வைத்துக்கொண்டு. நான் மாவில்லை என்று அவளிடம் சலித்துக்கொண்டிருந்தேன்.

மாலையில் புரோக்கருக்கு ஃபோன் போட்டு, இப்போதைக்கு ஜாதகத்தை யாருக்கும் தர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவர் ஏதோ கேட்டார். “அவன் ஒடம்பப் பாக்கோணுமுங்க மொதல்ல” என்றாள்.

ஜூன் 28, சனி

சேர்த்துக்கொண்டார்கள். ஜூலை ஏழு, எட்டு.

ஜூலை 5, சனி

அப்பா கூட வருகிறார். அம்மாதான் அனுப்புகிறாள், “நீங்களே கண்ணால பாத்துட்டு வாங்க” என்று. ஸ்டேஷனில் சக்கர நாற்காலி கேட்கலாம் என்றேன். “எதுக்குடா அதெல்லாம், நாலு பேர் பாத்தா என்ன நினைப்பாங்க” என்றார். கேட்கவில்லை.

ஜூலை 7, திங்கள், பெங்களூர்

நேற்று முழுக்க ஆஸ்பத்திரி விடுதியில் படுக்க வைத்து, இன்று காலையில் சைக்கிள். முகத்தில் ஒரு மூடி, நெஞ்சில் வயர்கள். ஜெசிந்தா நான் நினைத்ததைவிடக் குள்ளம். “அம்மா எப்படி இருக்காங்க? குலதெய்வத்தைக் கேட்டதாச் சொல்லுங்க” என்றார். அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

மிதித்தேன். நன்றாகவே மிதித்தேன். மிதிக்க மிதிக்கப் பயம்தான் கூடியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பா தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் முதுகில் தட்டி, “பாத்தியா, ஒண்ணுமே இல்ல உனக்கு! கொஞ்சம் பழகிட்டாப் போதும்” என்றார். அவ்வளவு சந்தோஷம் அவர் முகத்தில்.

நாளைக்கும் இப்படியே மிதித்துவிட்டால்? எந்தப் பையனாவது தான் தேறிவிடக் கூடாது என்று வேண்டிக்கொள்வானா? நான் வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 8, செவ்வாய்

முடியவில்லை. அதே சைக்கிள், அதே ஆள். பாதியில் கால் நின்றுவிட்டது.

ஜூலை 13, ஞாயிறு

வீடு. இன்றுதான் எழுத முடிகிறது.

அன்று நடந்ததில் துண்டு துண்டாகத்தான் ஞாபகம் இருக்கிறது. கால்கள் என்னுடையவை போல இல்லை. முகமூடிக்குள் மூச்சு இரைத்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பா எழுந்து நின்றதைப் பார்த்தேன். கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்துவிட்டார். வரக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். “போதுமுங்கம்மா, நிறுத்தச் சொல்லுங்க. அவனால முடியல” என்றார். ஜெசிந்தா, “நிறுத்தியாச்சுங்க ஐயா, அவரே நிறுத்திட்டார்” என்றார்.

பெங்களூர் ஸ்டேஷன் வாசலில் என்னை ஆட்டோவிலேயே உட்கார வைத்துவிட்டு அப்பா எங்கேயோ போனார். கொஞ்ச நேரத்தில் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். போர்ட்டரை நெருங்கவே விடவில்லை, பிளாட்பாரம் முழுக்க “தள்ளுங்க, தள்ளுங்க, ஒடம்பு சரியில்லாதவங்க” என்று ஹாரன் அடிக்காத குறைதான். ரயிலில் கீழ் பெர்த்தில் படுத்ததும் என் ஷூவைக் கழற்றினார். நான் கண்ணை மூடியிருந்தேன். தூங்கிவிட்டேன் என்று நினைத்திருப்பார். கழற்றிய பிறகும் வெகுநேரம் என் காலைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

ஜூலை 16, புதன்

படுக்கை. ஆனால் இது அப்பாவும் பார்த்த படுக்கை, பரவாயில்லை.

ஜூலை 30, புதன்

ரிசல்ட். டாக்டர் அனுபமா வீடியோவில் வந்தார். அம்மா புதுப்புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள், ஏன் என்று தெரியவில்லை. அப்பா எனக்குப் பின்னால் நின்றுகொண்டே இருந்தார்.

டாக்டர் இரண்டு கோடுகளைக் காட்டினார். முதல் நாள் கோடு என் வயதுக்காரன் எவனுக்கும் வரக்கூடியதுதானாம். “ஒரு நாள் மட்டும் பார்த்த டாக்டர்கள் நார்மல்னுதான் சொல்லியிருப்பாங்க. அவங்க பார்த்த அன்னைக்கு நீங்க நார்மல்தான்.” இரண்டாம் நாள் கோடு பாதியிலேயே கீழே விழுந்திருந்தது. படித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை, யாருக்கும் தெரியும் அந்த வித்தியாசம். “ரெண்டாம் நாள் இப்படிக் குறையறதை மனசு வெச்சு யாரும் நடிக்க முடியாது. உங்க கூட அதே வாரம் ஓஸ்லோவிலயும் ஒசாகாவிலயும் மிதிச்சவங்களோட கோடும் இப்படித்தான் வந்திருக்கு.”

எனக்கு அவர்களை யாரென்றே தெரியாது. ஆனால் யாரோ ஒருவன் ஒசாகாவில் ஜன்னலில் போர்வை கட்டிப் படுத்திருக்கிறான். அவனுடைய அப்பாவும் நடந்துவிட்டு வரலாமென்று கூப்பிட்டிருப்பார்.

மருந்து எப்போது வரும் என்று அம்மா கேட்டாள். “இப்போ கையில இல்லம்மா. எப்போன்னும் என்னால சொல்ல முடியாது. முன்னெல்லாம் இதைத் தேடினவங்க ரொம்பக் கொஞ்சம். இப்போ நிறையப் பேர் தேடறோம்” என்றார். உடம்பு தாங்குகிற அளவுக்குள் நிற்க வேண்டும், நல்லா இருக்கிற அன்றைக்கு அதிகம் செய்துவிடக் கூடாது என்றார். அம்மா தலையை ஆட்டினாள், தெரிந்த பாடம் போல.

அப்பா என் தோளுக்கு மேலாகக் குனிந்தார். “ஏனுங்கம்மா, ஒண்ணு கேக்கறன். அப்ப இவன் வேணுமின்னே படுக்கலீங்களா?”

“இல்லீங்க ஐயா. படுத்திருந்ததாலதான் இந்த அளவுக்காவது இருக்கார்.”

அப்பா, “டீ குடிச்சுட்டு வர்றன்” என்று வெளியே போனார். வீட்டில் காபி போட்டுத் தயாராக இருந்தது. பொழுது சாய்ந்துதான் திரும்பி வந்தார். கண் சிவந்திருந்தது. காத்து அடிக்குது, ஒரே தூசி என்றார். தூசி எங்கள் குடும்பத்தில் எல்லோர் கண்ணிலும் விழும் போலிருக்கிறது.

நான் அழவில்லை என்று எழுத மாட்டேன். வெட்கமில்லாமல் அழுதேன். நோய் உறுதியானதற்கு இத்தனை நிம்மதியா என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது. நான் சோம்பேறி இல்லை. அது போதும் இன்றைக்கு.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடிப்பெருக்கு

பதினெட்டாம் பெருக்கு என்றால் எங்கள் வீட்டில் விருந்தாளி, ஒறம்பரைக்குக் குறைவில்லை. பவானி கூடுதுறைக்குப் போய்விட்டு வருகிறவர்கள் எல்லாம் இந்த வழியாகத்தான் போக வேண்டும். இந்த மூன்று வருடமாக, யார் வந்தாலும் அப்பா முதலில் என் அறைக் கதவைச் சாத்துவார். “பையன் எங்கீங்க?” என்று கேட்டால் “வெளியூர் போயிருக்கான்” என்பார். அவர்கள் போகிற வரைக்கும் நான் விசிறியை நிறுத்திவிட்டு, புரண்டு படுக்காமல், இருமல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்து, என் வீட்டிலேயே இல்லாதவனாகக் கிடப்பேன்.

இன்று மதியம் அப்பாவின் பங்காளி, அந்தியூர் பெரியப்பா வந்தார். குரலே மைக் செட் மாதிரி இருக்கும். வாசலிலேயே கேட்டார், “ஏப்பா நாச்சிமுத்து, எங்க உன்ற பையன்? ஊர்ல இருக்கானா?”

நான் பழக்கத்தில் கையை நீட்டி விசிறி ஸ்விட்சை அணைத்தேன். கதவு சாத்தப்படும் என்று காத்திருந்தேன்.

“உள்ளதான் இருக்கானுங்க, படுத்திருக்கான்” என்றார் அப்பா. “ஒடம்பு சரியில்லீங்க அவனுக்கு. மூணு வருசமாவே சரியில்ல. டாக்டர் பாத்துச் சொல்லிட்டாங்க.”

“படுத்தே கெடந்தா ஆகுமா? காலைல ரெண்டு மைல் நடக்கச் சொல்லு.”

“நடந்தா அதிகமாப் போயிருமுங்க. அப்படி ஒரு நோவு அது. நான் என்ற கண்ணால பாத்தேன்.” கொஞ்சம் நிறுத்தினார். “நீங்க சித்த மெதுவாப் பேசுங்கண்ணா. சத்தம் அவனுக்கு ஆகறதில்ல.”

மைக் செட் அடங்கியது. அம்மா டம்ளர்களைச் சத்தமில்லாமல் வைப்பது கேட்டது. கதவு பாதி திறந்தே இருந்தது, கூடத்து வெளிச்சம் கட்டில் கால் வரைக்கும் வந்திருந்தது.

விசிறியை மறுபடி போட்டேன். தொண்டை கமறியது. கூடத்துக்கே கேட்கும்படி நன்றாக இருமினேன்.